அக்கா பேரில் நான் எழுதிய தேர்வு

வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காக மதிய இடைவேளை நீளமாக இருக்கும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் நான் பதினொரு கைப்பேசிகளைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்று என்னுடையது. மற்றப் பத்தும் என்னோடு வேலை செய்த பெண்களுடையவை. எல்லாவற்றிலும் கம்பெனியின் பயிற்சிச் செயலியைத் திறந்து, அந்த மாதத்துப் பாடத்தை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவேன். பாடம் ஓடி முடிவதற்குள் சோறு சாப்பிட்டு முடித்துவிடலாம். பிறகு என் கைப்பேசியில் பத்துக் கேள்விகளுக்கும் ஒருவழியாக விடை கண்டுபிடித்து ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன். அதற்கப்புறம் வேலை சுலபம். தாளைப் பார்த்துப் பார்த்து மற்றக் கைப்பேசிகளில் தொட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். ஒவ்வொன்றிலும் பச்சை அடையாளம் விழும். விழுந்ததை உரியவரிடம் நீட்டுவேன்.

இதை நான் ஓராண்டுக்கு மேல் செய்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது ஈப்போவுக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு சலவை ஆலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, மேசைத்துணி எல்லாம் லாரியில் வரும். வெளுத்து, தேய்த்து, மடித்துத் திரும்பிப் போகும். லூமுட் பக்கத்துக் கடற்கரை விடுதிகளின் துண்டுகளை உதறினால் தரையெல்லாம் மணலாகிவிடும். ஈரமான விரிப்புகளைத் தேய்ப்பதற்கு ரோலர் என்று ஒன்று இருக்கிறது. ஓர் அறையின் அகலத்துக்குச் சுடச்சுடச் சுழலும் பெரிய உருளை. முன்னால் இரண்டு பேர் நின்று விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து நேராக உள்ளே கொடுக்க வேண்டும். அது மறுபுறம் காய்ந்து, தகடுபோல வெளியே வரும். அங்கிருந்து மடிப்பு மேசைக்குப் போகும்.

நான் பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறேன். ஐந்தாம் படிவம் வரை, அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் மடிப்புப் பகுதிக்குத் தலைவி. தலைவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணி எழுத வேண்டும், லாரிக்காரனிடம் கையெழுத்து வாங்க வேண்டும், சூப்பர்வைசர் ஏசினால் முதலில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் ரோலருக்கு ஒரு புது ஆள் வந்தால், இரண்டு வாரம் சும்மா பக்கத்தில் நிற்க வைப்பார்கள். கை வைக்கவே விடமாட்டார்கள். எங்கே நிற்பது, முனை சுருண்டால் என்ன செய்வது, சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். அது ஒன்றும் பிரமாதமான பயிற்சி இல்லை. சொல்லிக் கொடுப்பவருக்கு அன்றைக்குப் பொறுமை இல்லையென்றால் வெறும் ஏச்சுத்தான் கிடைக்கும். ஆனால் இரண்டு வாரம் நின்றோம்.

அப்புறம் கோலாலம்பூரில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சி அதிகாரி வந்தார். தமிழ்ப் பெண்தான். முப்பது வயது இருக்கும். சிரித்த முகம். எங்களையெல்லாம் அக்கா என்று கூப்பிட்டார். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். இனிமேல் பயிற்சியெல்லாம் கைப்பேசியிலேயே வரும், வேலை நேரம் வீணாகாது, வீட்டிலிருந்தும் படிக்கலாம், பஸ்ஸில் வரும்போதும் படிக்கலாம் என்றார். ஒரு பாடத்துக்கு ஆறு நிமிடம். முடிவில் கேள்விகள். எட்டுக்குக் குறைவாக எடுத்தால் மறுபடியும் எழுத வேண்டும். மூன்று தடவை தவறினால் பாடம் பூட்டிக்கொள்ளும். சூப்பர்வைசர்தான் திறக்க வேண்டும்.

பாடங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழ் இல்லையா என்று நான்தான் கேட்டேன். மிஸ் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் தமிழும் வந்தது. கம்ப்யூட்டரே மொழிபெயர்த்து, கம்ப்யூட்டரே பேசியது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம். "உருளையை அணுகுவதற்கு முன்னர் ஆற்றல் மூலத்தைத் தனிமைப்படுத்துக" என்றது ஒரு பெண் குரல், மூச்சே விடாமல்.

"மெஷினுக்கும் கோவிட் வந்திருச்சா? தனிமைப்படுத்தச் சொல்லுது!" என்றார் அக்கா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. இரண்டு பேரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து, அதையும் அழித்து வீடு கட்டி விற்றபோது, எங்கள் குடும்பங்களுக்குத் தாமான் எனும் அந்தப் புதுக் குடியிருப்பின் கடைசி வரிசையில் வீடு கொடுத்தார்கள். அதில் அவர் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி என் வீடு. செயலி வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகித் தெலுக் இந்தானில் இருந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். மலாய் பேசுவார், படிக்க வராது. பதினான்கு வருடமாக மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நின்றவர். ஓயாமல் பேசுவார். பேசிக்கொண்டே, துணியில் எங்கேயாவது ஒரு சுருக்கம் தெரிந்தால், அவர் கை தானாகப் போய் அதை நீவிவிடும். பேச்சு நிற்காது, கண்கூடப் போகாது, கை மட்டும் போகும்.

செயலி வந்த முதல் மாதம் அவர் தானே எழுதிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரல் சொன்னதையெல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டார். மூன்று தடவையும் தவறிவிட்டார். பாடம் பூட்டிக்கொண்டது. கைரேகை வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு தொலைக்காட்சி மாட்டியிருந்தார்கள். அதில் பாடம் முடிக்காதவர்களின் பெயர் சிவப்பில் ஓடும். அக்காவின் பெயர் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் அவர் என் கையில் கைப்பேசியைத் திணித்தார்.

"நீயே செஞ்சிடு தங்கச்சி. வர்றவன் போறவன் எல்லாம் எம்பேரத்தான் பாக்குறான். வங்காளதேசத்துப் பயலுங்ககூடப் பச்சையா இருக்கானுங்க லா."

"நான் சொல்லித் தாரேன், நீங்களே எழுதுங்கக்கா."

"எனக்கு என்னாத்துக்கு? நான் மடிக்கிறவ. மடிக்கிறதுக்குப் பாடம் வேணுமா? நீ தட்டிவிட்டுரு."

தட்டிவிட்டேன். அவருக்குச் செய்தது தெரிந்ததும் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கடைசியில் பத்துப் பேர். யாரும் சோம்பேறிகள் இல்லை. எட்டு மணி நேரம் நின்று, வேன் பிடித்து வீட்டுக்குப் போய், சமைத்து, துணி துவைத்துப் படுப்பவர்கள். அவர்களுக்கு அந்தக் குரல் பேசியது புரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் தலைமை அலுவலகம் ஒரு போட்டி வைத்தது. நாடு முழுக்க இருக்கும் கிளைகளில் எந்தக் கிளை எல்லாப் பாடங்களையும் முதலில் முடிக்கிறதோ அந்தக் கிளைக்குக் கேடயம். கட்டாயப் பாடங்கள் மட்டுமில்லை, விருப்பப் பாடங்களும் கணக்கில் வரும். மிஸ் வந்து, "உங்க வேலைக்குச் சம்பந்தம் இல்லாட்டியும் பரவால்ல அக்கா, தெரிஞ்சு வச்சிக்கிறது நல்லதுதானே?" என்றார். சூப்பர்வைசரும் பச்சை அதிகமாக வேண்டும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை நான் பதினொரு கைப்பேசிகளிலும் நான்கு விருப்பப் பாடங்களைச் சேர்ந்தாற்போல முடித்தேன். கொதிகலன், ரசாயனம், தூக்குவண்டி, ரோலர். நான்காவதுக்கு வரும்போது இடைவேளை முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. பாடத்தை ஓடவிட்டதோடு சரி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேள்விகளை மட்டும் பார்த்து, எது நீளமான விடையோ அதைத் தொட்டேன். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும். இரண்டாவது முயற்சியில் நூற்றுக்கு நூறு வந்தது. மற்றப் பத்துக்கும் நூறு.

எங்கள் கிளைக்குக் கேடயம் கிடைத்தது. கேக் வெட்டினார்கள். அக்கா கேடயத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

வேலைப் பட்டியலை அதுவரை சூப்பர்வைசர்தான் வெள்ளைப்பலகையில் எழுதுவார். சீனர். தோட்டத்துக் கடைவீதியில் வளர்ந்தவர் என்பதால் மலாயோடு தமிழும் கலந்து பேசுவார். யாருக்கு முதுகுவலி, யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேடயம் வந்த சில மாதங்களில் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். பட்டியலும் செயலியிலேயே வரத் தொடங்கியது. யார் எந்தப் பாடம் முடித்திருக்கிறார்களோ அவர்களை அந்த இடத்தில் அதுவே போட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லோர் கைப்பேசிக்கும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இது என்னா எழுதியிருக்குன்னு பாரு. திங்கள், செவ்வாய் எனக்கு ரோலர்னு போட்டிருக்கா?"

வாங்கிப் பார்த்தேன். ரோலர், முன்பக்கம், இடது. அவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தது. தகுதி பெற்றவர் என்று அர்த்தம். ரோலரில் நிற்கும் பெண்களில் இரண்டு பேர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார்கள். யார் நூறு வாங்கியிருக்கிறார்கள் என்று செயலி தேடிப் பார்த்திருக்கிறது.

கைப்பேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். 

"தப்பா வந்திருக்கும்கா. காலையில பாஸ்கிட்ட பேசுறேன்."

திங்கள் காலை முதல் வேலையாகச் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நான் போடல மா. சிஸ்டம் போட்டுச்சு. மாத்தணும்னா இவங்க தகுதி இல்லைன்னு நான் எழுதணும். எழுதினா ஏன் நூறு மார்க்னு கேப்பாங்க. ரெண்டு நாள் தானே லா? அந்தப் பக்கம் நேப்பாளக்காரி பழைய ஆளு. பாத்துக்குவா."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நூறு என்னுடையது, அக்காவுக்கு அந்த மெஷினைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்துப் பேரின் பெயர் வெளியே வரும் என்று பயந்தேன். என் பெயரும் வரும் என்று இன்னும் அதிகமாகப் பயந்தேன். அக்காவிடம் போய், "ரெண்டு நாள்தான்கா. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன்.

பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். துணியை இப்படிப் பிடியுங்கள், கையை இந்தக் கோட்டுக்கு அப்பால் கொண்டு போகாதீர்கள், சிவப்புப் பொத்தான் இங்கே, உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அக்கா, "சரி சரி, சூடா இருக்குதே இந்த எடம்!" என்றார். திங்கட்கிழமை நல்லபடியாகப் போனது. நான் மடிப்பு மேசையிலிருந்து நாலு தடவை எட்டிப் பார்த்தேன். அவர் அந்த நேப்பாளத்துப் பெண்ணோடு பாதி மலாயில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பகுதித் தலைவர்களுக்கெல்லாம் மிஸ் கணினித் திரை வழியாக ஒரு கூட்டம் வைத்திருந்தார். செயலியில் புதிதாக என்னென்ன வரப்போகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது. குளிர்சாதனம் ஓடியது. வெளியே நடந்த அமளி எதுவும் எனக்குக் கேட்கவே இல்லை. ஒருத்தி ஓடிவந்து கதவைத் தள்ளித் திறந்தபோதுதான் தெரிந்தது.

நான் போவதற்குள் ரோலரை நிறுத்தியிருந்தார்கள். அக்காவைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். வலது கையில் வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தது. அந்தத் துண்டு வெள்ளையாக இல்லை. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "சுருங்கிருச்சுடி. முனை சுருங்கிருச்சு. நான் சும்மா நீவி விட்டேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நேப்பாளத்துப் பெண் சுவரோரமாக நின்றிருந்தாள். அவள் நின்ற வலப்பக்கத்தில் பொத்தான் கிடையாது. அக்காவுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஓடிவந்து அமுக்கியிருக்கிறாள். அதற்குச் சில விநாடிகள் ஆகியிருக்கின்றன.

மூன்று விரல்கள் போயின. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள். உள்ளங்கையில் பாதி வெந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மகள் தெலுக் இந்தானிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் தங்கினாள். நான் தினமும் வேலை முடிந்ததும் நேராக அங்கே போவேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மகள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"விசாரணைன்னு கூப்பிடுவாங்க. நீ ஒன்னும் சொல்லிடாத."

"எப்படிக்கா சொல்லாம இருக்கிறது?"

"என் விரலு வந்திருமா, நீ சொன்னா? அங்க பத்துப் பொம்பளைங்க இருக்கோம். எல்லாரையும் தூக்கிருவாங்க. வாயத் தொறக்காத."

நான் அழுதேன். அவர் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த ரோலர் பாடத்துல என்னதான் சொன்னாங்க, தங்கச்சி? முனை சுருங்குனா என்னா செய்யணும்னு சொல்லியிருந்தாங்களா?"

குற்றம் சாட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.  நான் அந்தப் பாடத்தைக் கேட்டதே இல்லை. பதினொரு தடவை ஓடவிட்டேன், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "சொல்லியிருப்பாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் அந்தப் பாடத்தைத் திறந்தேன். முதலில் தமிழில் கேட்டேன், பிறகு மலாயில் கேட்டேன். ஆறு நிமிடத்தில் ஐந்தாவது நிமிடத்தில் அது வந்தது. துணியின் முனை சுருண்டால் கை வைக்கக்கூடாது. பொத்தானை அமுக்கி, உருளை முழுவதும் நின்ற பிறகே சரிசெய்ய வேண்டும். ஆனால் படத்தில் இருந்த மெஷின் எங்களுடையது இல்லை. அது புது மெஷின். முன்னால் ஒரு நீளமான தடுப்பு இருந்தது. கை பட்டால் தானாக நின்றுவிடுமாம். சிவப்புப் பொத்தான் நெஞ்சு உயரத்தில் இரண்டு பக்கமும் இருந்தது. எங்கள் பழைய ரோலரில் தடுப்பும் இல்லை, இரண்டாவது பொத்தானும் இல்லை. பாடத்தை முழுக்கக் கேட்டு, மனப்பாடம் செய்து, தானே நூறு வாங்கிய ஒருத்தி அங்கே நின்றிருந்தாலும், இல்லாத பொத்தானைத்தான் தேடியிருப்பாள். இது எனக்கு ஆறுதல் தந்ததா என்று கேட்டால், இல்லை. இரண்டு வாரம் பக்கத்தில் நின்றிருந்தால் எங்கள் பொத்தான் எங்கே என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கும்.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. மிஸ் நேரில் வந்திருந்தார். பாதுகாப்பு அதிகாரி ஒருவர், சூப்பர்வைசர், நான். அக்காவின் பதிவைத் திரையில் காட்டினார்கள். பாடம் முடித்த நாள், நேரம், மதிப்பெண். எல்லாம் இருந்தது.

"நூற்றுக்கு நூறு எடுத்திருக்காங்க" என்றார் மிஸ். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நல்லாவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் கைய வச்சிருக்காங்க. அதான் எனக்குப் புரியல அக்கா."

 பாடத்தில் வரும் மெஷின் வேறு என்பதை மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? கருத்துப் படிவத்துல அத ஒரு வரி எழுதிப் போடுங்க. நான் பாக்குறேன்" என்றார். அன்றைக்கே எழுதிப் போட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று செயலி உடனே பதில் சொன்னது. இன்றுவரை அந்தப் படம் மாறவில்லை.

அறிக்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அக்காவின் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. அதை ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். மலாயில் இருந்த அந்தக் கடிதத்தை அவருக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு காலையில் வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசரின் அறைக்குப் போனேன். அவர் காப்பி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழலைக் குத்திக்கொண்டிருந்தார்.

"பாஸ், அந்தப் பாடம் அக்கா எழுதல. நான்தான் எழுதினேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியும் மா. எல்லாருக்கும் தெரியும். என் பாடத்த யாரு செய்றா? என் மக செய்றா. கோலாலம்பூர்ல பெரிய பாஸுக்கு அவரோட ஆபீஸ் கிராணி செய்வான். நீ இப்ப சொன்னா நான் எழுதணும். எழுதினா நீ போவ, பத்துப் பேரும் போவாங்க, நானும் போவேன். ரோலர் அங்கதான் இருக்கும்."

"அக்கா மேல பழி விழுந்திருச்சு பாஸ்."

"தெரியும் லா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் ஒன்னும் கேக்கல. நீ ஒன்னும் சொல்லல. போ மா, லாரி வந்திருச்சு."

போனேன். அதற்குமேல் யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்றும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம் கழித்துச் செயலியில் ஒரு புதுப் பாடம் வந்தது. எல்லோருக்கும் கட்டாயம். நடந்த விபத்திலிருந்து கற்போம் என்று தலைப்பு. கார்ட்டூன் படம். முகமில்லாத ஒரு பெண், தலையில் வலைத்தொப்பி, ஒரு ரோலரின் முன்னால் நிற்கிறாள். முனை சுருள்கிறது. கையை நீட்டுகிறாள். திரை சிவப்பாகிறது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் அவரவர் கைப்பேசியிலேயே அதைப் பார்த்தோம். முன்பு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் தங்கள் கைப்பேசிகளை என்னிடம் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னுடையதை மட்டும் எழுதினேன். ஏழாவது கேள்வி: இந்த விபத்துக்குக் காரணம் என்ன? நான்கு விடைகள் இருந்தன; சரியானதைத் தொடும்வரை அடுத்த கேள்வி வராது. மெஷினில் கோளாறு என்பதைத் தொட்டேன். தவறு என்றது. போதிய பயிற்சி இல்லை என்பதைத் தொட்டேன். தவறு என்றது. ஆள் பற்றாக்குறை என்பதையும் தொட்டுப் பார்த்தேன். மிச்சம் ஒன்றுதான் இருந்தது. பயிற்சியில் கற்றதைத் தொழிலாளி பின்பற்றவில்லை. அதைத் தொட்டேன். கைப்பேசியிலிருந்து கை தட்டும் சத்தம் கேட்டது.

இப்போது பாடம் எழுதும்போது கைப்பேசியின் கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருவருக்காக இன்னொருவர் எழுத முடியாது. அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் மூன்று தடவை தவறித் தவறி, பட்டியலில் பெயரே வராமல், தாங்களாகவே நின்றுவிட்டார்கள். ஒருத்தி பாசார் சந்தையில் காய்கறி அடுக்குகிறாள். மற்றவர்களைப் பற்றித் தெரியாது.

அக்கா வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு தெலுக் இந்தானுக்குப் போய்விட்டார். போன தீபாவளிக்கு அடுத்த வாரம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். முன்னறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகியிருந்தார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். முன்பு ஓயாமல் பேசியவர், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மகள் பலகாரத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் அக்கா, யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"ரோலர்ல இப்ப யாரு நிக்கிறா?"

"புது ஆளுங்கக்கா. மியன்மார்."

"ம்" என்றார். 

மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் நான் போனேன். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை இரண்டு மணி நேரம் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். கேட்டால், "அத விடு தங்கச்சி" என்பார் என்று தெரியும். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வருவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. மழை வரப்போகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். வாசல் வரை வந்தார். "பத்திரமா போயிட்டு வா" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. ரோலரின் இடது பக்கத்தில் நான் சொன்ன அந்தப் புதுப் பெண் நின்றிருந்தாள். வேலைக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. எல்லாப் பாடமும் முடித்துவிட்டாள் என்று பட்டியல் சொன்னது. எந்த மொழியில் முடித்தாளோ தெரியாது. அவளிடம் போனேன். முழங்கால் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானைத் தொட்டுக் காட்டினேன். கையை உள்ளே விடுவதுபோல் நடித்து, கூடாது என்று தலையை ஆட்டினேன். அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு மரியாதைக்காகச் சிரித்துவிட்டு, அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்து உள்ளே கொடுத்தாள். புரிந்ததா என்று கேட்க என்னிடம் மொழி இல்லை. மடிப்பு மேசையில் துணி குவிந்துகொண்டிருந்தது.